மகுல் மடுவ தேவாலயமாக இருந்த காலம்

தலதா மாளிகைக்குப் பக்கத்தில், செதுக்கிய மரத்தூண்கள் நிரைநிரையாக நிற்கும் திறந்த மண்டபம் ஒன்று இருக்கிறது. அக்குறணையில் வளர்ந்தவர்கள் அதை ஒரு தடவையாவது கண்டிருப்போம். பாடசாலைச் சுற்றுலாவில் வரிசையாக நிற்க வைத்துக் காட்டியிருப்பார்கள். இல்லாட்டி, பெருநாள் உடுப்பு எடுக்க டவுனுக்குப் போன நேரம் எட்ட நின்று பார்த்திருப்போம். பெயர் மகுல் மடுவ. ராஜா சபை கூடிய இடம், 1815இல் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்ட இடம். பரீட்சைக்கு இந்த இரண்டும் போதும்.

அதே மண்டபம் பல வருஷங்கள் கண்டியிலிருந்த ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர்களின் வழிபாட்டு இடமாக இருந்தது. நாங்க படித்த பாடத்தில் அது வரவில்லை. ராஜாவின் சபை தேவாலயமாகி, நீதிமன்றமாகி, கடைசியில் அரசாங்க விழாக்கள் நடக்கும் பண்பாட்டுச் சின்னமாகிவிட்டது. தூண்கள் அதே தூண்கள்தான்.

இதை எழுதக் காரணம், எங்கட வட்டத்துக்குள் நடந்த ஒரு வாக்குவாதம். ஐரோப்பாவில் பழைய தேவாலயங்கள் இசை அரங்காகவும் புத்தகக் கடையாகவும் மாறியிருக்கும் படங்களை ஒருத்தர் பகிர்ந்தார். உடனே ரெண்டு கட்சி. "பாருங்க, அவங்கட மார்க்கத்துக்கு ஆளில்லாமல் போச்சு" என்றது ஒரு கட்சி. "எவ்வளவு அழகான வேலை, இடிக்காமல் காப்பாத்தியிருக்காங்க" என்றது மற்றது. ரெண்டு பேரும் ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார்கள் என்று எங்களுக்குப் பட்டது. மாற்றத்தை முடிவு செய்தது யார்? அங்கே தொழுதவர்களா, வெளியிலிருந்து வந்தவர்களா? கண்டியை வைத்தே இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

அனுமதி கேட்டு வந்த தேவாலயம்

கண்டியில் கிறிஸ்தவ ஆராதனை வெள்ளைக்காரரோடு வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதற்கு நூறு வருஷத்துக்கு முந்தியே அங்கே கத்தோலிக்கத் தேவாலயம் இருந்தது.

கரையோரத்தை ஒல்லாந்தர் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை வந்தது. ஒல்லாந்தர் சீர்திருத்தத் திருச்சபைக்காரர்கள். போர்த்துக்கேயர் விட்டுப்போன கத்தோலிக்கத்தைத் துடைத்தெறிய நினைத்தார்கள். அந்தக் காலத்தில், 1687இல், கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் என்ற குரு ஏழைக் கூலியாள் வேஷத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். 1692இல் கண்டிக்கு வந்தார். வந்த உடனே போர்த்துக்கேய உளவாளி என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். சிறைக்குள்ளேயே ஒரு சின்னக் கொட்டிலை வைத்துக்கொண்டு அவர் வழிபாடு நடத்தினார்.

அப்போது ஆண்டவர் இரண்டாம் விமலதர்மசூரியன், பௌத்த மன்னர். வாஸ் மழைக்காக வேண்டியதும் மழை பெய்தது என்ற கதையைக் கத்தோலிக்கர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். கதை எப்படியோ, மன்னர் அவரை நடமாட விட்டார், மதம் போதிக்க விட்டார். 1697இல் கண்டியில் வைசூரி பரவியபோது பலர் நோயாளிகளை விட்டுவிட்டு ஓடினார்கள். வாஸ் ஓடவில்லை, நோயாளிகளைக் கழுவி, சோறு கொடுத்து, இறந்தவர்களை அடக்கம் செய்தார். 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்ததை நீங்க டீவியில் பார்த்திருப்பீங்க.

அக்குறணையின் கதையும் கிட்டத்தட்ட இதே சாயல்தான். இந்த விமலதர்மசூரியனின் தகப்பன் இரண்டாம் இராஜசிங்கன் காலத்தில் மூன்று அரபிகள் கண்டிக்கு வந்து, உள்ளூர்ப் பெண்களைக் கல்யாணம் முடித்து, மன்னர் கொடுத்த காணியில் குடியிருந்தார்கள் என்பது எங்கட ஊர் தோன்றிய வரலாறாகப் பெரியவர்கள் சொல்வது. இது மரபுக்கதை. ஆனாலும் ஒரு ஊர் தன்னுடைய தொடக்கத்தைப் பற்றி எப்படிக் கதை சொல்கிறது என்பதில் விஷயம் இருக்கிறது. "நாங்க பிடுங்கிக்கொள்ளவில்லை, தந்தார்கள், இருந்தோம்" என்பதுதான் அந்தக் கதையின் சாரம். மன்னர் காலத்துக் கண்டியில் மதம் மாறுபட்டவர்கள் இடம் பெற்ற வழிகளில் அது ஒன்று: கேட்டார்கள், கிடைத்தது. ஒவ்வொரு மன்னரும் அப்படி நடந்தார் என்று சொல்ல வரவில்லை. கேட்க ஒரு ஆள் இருந்தார் என்று மட்டும் சொல்கிறோம்.

கேட்காமல் நுழைந்த தேவாலயம்

மகுல் மடுவயைக் கட்டத் தொடங்கியது 1783இல். தொடங்கியவர் ஸ்ரீ ராஜாதி ராஜசிங்கன். தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் வம்சத்து மன்னர். அவருக்குப் பின் வந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தில் வேலை முடிந்தது. செதுக்கிய மரத்தூண்கள், மேலே கண்டிப் பாணிக் கூரை. மன்னர் பிரதானிகளைச் சந்தித்ததும் தூதுவர்களை வரவேற்றதும் இங்கேதான்.

1815 மார்ச் 2ஆம் திகதி, ஆளுநர் ரொபர்ட் பிரௌன்றிக் முன்னிலையில், கண்டி ஒப்பந்தம் இந்த மண்டபத்தில் வாசிக்கப்பட்டது. மன்னர் பதவி நீக்கப்பட்டார். பிறகு அவரை வேலூருக்கு நாடு கடத்தினார்கள்; 1832இல் அங்கேயே இறந்தார். ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, பௌத்த சமயம் மீறப்பட முடியாதது என்றும் அதன் சடங்குகளும் குருமாரும் வழிபாட்டிடங்களும் பாதுகாக்கப்படும் என்றும் சொல்கிறது. வாக்குறுதி கொடுத்த இடம் தலதா மாளிகைக்கு அடுத்த வாசல்.

அதே இடத்தில்தான் பிறகு ஆங்கிலிக்கன் ஆராதனை நடந்தது. கண்டியில் தங்கிய படைக்கும் அதிகாரிகளுக்கும் தேவாலயம் இருக்கவில்லை. பெரிய மண்டபமோ சும்மா நின்றது, சபை கூட்ட மன்னர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடினார்கள்.

1825இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் ரெஜினால்ட் ஹீபர் கண்டிக்கு வந்தபோது பிரசங்கம் செய்ததும் இந்த மண்டபத்தில்தான். ஹீபர் லேசுப்பட்ட ஆளில்லை, பேர் போன பாடலாசிரியர். இலங்கையைக் கண்ணால் காண்பதற்கு ஆறு வருஷம் முந்தி, 1819இலேயே, இலங்கையின் பெயரைச் சொல்லி ஒரு மிஷனரிப் பாடல் எழுதியிருந்தார். நாட்டின் அழகைப் புகழ்ந்து, அங்குள்ள மனிதரை இகழ்ந்த பாடல் அது. கண்டிக்கு வந்துபோன அடுத்த வருஷமே, 1826 ஏப்ரலில், திருச்சிராப்பள்ளியில் குளிக்கும்போது இறந்துபோனார்.

ஒரு நிமிஷம் நிதானமாக யோசித்துப் பாருங்க. அந்த மண்டபத்தில் கூடியவர்கள் யாரையும் அடிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. ஜெபித்தார்கள், பாடினார்கள். ஜெபிப்பது குற்றமில்லை. ஆனால் பத்து வருஷத்துக்கு முந்தி தங்கட ராஜா இருந்த இடத்தில் வேறு ஒரு மதத்தின் ஆராதனை கேட்கும்போது பக்கத்துத் தலதா மாளிகைக்குப் பூத்தட்டோடு வந்த ஒரு பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்? அவளை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றியிருக்காது. பிடித்த நாட்டில் வெறுமையாக நிற்கும் எல்லாக் கட்டிடமும் பிடித்தவனுடையது என்பதுதான் அந்தக் காலத்து நியாயம்.

மகுல் மடுவ மட்டும் இல்லை. ராணிமார் குளிக்கும் உல்பன்கே வெள்ளைக்கார அதிகாரிகளின் வாசிகசாலையானது. ராஜாவின் அரண்மனை அரசாங்க அதிபரின் வாசஸ்தலமானது. கொழும்புக் கோட்டையில் ஒல்லாந்த ஆளுநரின் மாளிகையாக இருந்த கட்டிடம் படையினரின் தேவாலயமாகி, 1821இல் முறைப்படி அபிஷேகம் செய்யப்பட்டது. இன்றைக்கும் துறைமுகப் பக்கம் புனித பேதுரு தேவாலயமாக நிற்கிறது. ஐரோப்பாவில் தேவாலயம் விருந்து மண்டபமாகிறதைப் பார்த்து வியக்கிறோம். இங்கே ஆளுநர் மாளிகை தேவாலயமாகியிருக்கிறது.

தேவாலயம் வெளியே போன பிறகு

1841இல் மெட்ராஸ் பேராயர் கண்டிக்கு வந்தபோது, தனியாக ஒரு தேவாலயம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. அதன் விளைவுதான் புனித பவுல் தேவாலயம். 1840களில் கட்டத் தொடங்கி, 1850களின் ஆரம்பத்தில் முடித்தார்கள். நாத தேவாலேக்கும் பத்தினி தேவாலேக்கும் பக்கத்தில் செங்கல் நிறத்தில் நிற்பது அதுதான். நாத தேவாலே 14ஆம் நூற்றாண்டுக் கட்டிடம், கண்டி நகரத்தில் மிஞ்சியிருக்கும் கட்டிடங்களில் மிகப் பழையது. அதற்குப் பக்கத்துக் காணியைக் கொடுத்ததும் பிரித்தானிய அரசுதான். அதாவது, மண்டபத்தை விட்டார்கள், ஆனால் வளவை விட்டு வெளியே போகவில்லை.

மகுல் மடுவயில் நீதிமன்றமும் கச்சேரியும் நடந்தன. பாட்டுக் கச்சேரி இல்லை, அரசாங்கக் கச்சேரி. 1870களில், வேல்ஸ் இளவரசரை வரவேற்பதற்காகப் பக்கத்துக் கட்டிடங்களை அகற்றி, மண்டபத்தை நீட்டி, தூண்களைக் கூட்டினார்கள். இளவரசர் 1875 டிசம்பரில் வந்தார். ஆகவே இன்றைக்கு நாங்க "ராஜா காலத்து மண்டபம்" என்று பார்ப்பதில் ஒரு பகுதி இங்கிலாந்து இளவரசருக்காகக் கட்டியது. சுற்றுலாவில் அதையும் யாரும் சொல்வதில்லை.

சுதந்திரத்தின் பிறகு மண்டபத்துக்கு இன்னொரு வாழ்க்கை. கொழும்பில் சுதந்திர நினைவு மண்டபத்தைக் கட்டியபோது மகுல் மடுவயைத்தான் மாதிரியாக எடுத்தார்கள். அரசுரிமையைக் கைமாற்றிக் கொடுத்த மண்டபத்தின் உருவமே சுதந்திரத்தின் சின்னமாகிவிட்டது. 1988இல் கண்டி நகரம் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 1998 ஜனவரியில் தலதா மாளிகை வாசலில் வெடித்த குண்டு சுற்றுவட்டாரக் கட்டிடங்களையும் சேதப்படுத்தியது, திருத்தினார்கள். 2020 ஆகஸ்ட் 12ஆம் திகதி புதிய அமைச்சரவை பதவியேற்றது இந்த மகுல் மடுவயில்தான். ராணிமாரின் மாளிகை இப்போது கண்டித் தேசிய நூதனசாலை.

இந்த மண்டபம் தேவாலயமாக இருந்ததற்காகப் பின்னால் வந்த யாரும் பழிவாங்கவில்லை. கோபத்தில் புனித பவுல் தேவாலயத்தை இடிக்கவும் இல்லை. தலதா மாளிகை, தேவாலேகள், ஆங்கிலிக்கன் தேவாலயம் எல்லாம் ஒரு சதுரத்துக்குள்ளேயே நிற்கின்றன. 2018 மார்ச்சில் திகணையில் தொடங்கி அக்குறணை வரைக்கும் வந்த வன்செயலைக் கண்ட எங்களுக்கு, இதே மாவட்டத்தில் இப்படி ஒரு சதுரமும் இருக்கிறது என்பதைச் சொல்லத் தோன்றுகிறது. ரெண்டும் எங்கட கண்டிதான்.

ஒல்லாந்தரின் ஊரில் ஒரு தேவாலயம்

இனி வாக்குவாதத்தைக் கிளப்பிய படத்துக்கு வருவோம். அதில் இருந்தது ஆம்ஸ்டர்டாமில் உள்ள பரடிசோ.

வாஸைக் கூலியாள் வேஷம் போட வைத்த ஒல்லாந்தரின் நாடு. அந்தக் காலத்தில் அவர்கள் தங்கட ஊரிலும் கத்தோலிக்கர்களைப் பகிரங்கமாக வழிபட விடவில்லை. ஆம்ஸ்டர்டாமில் ஒரு வணிகர் 1663இல் தன் வீட்டின் பரணிலேயே ஒளித்து ஒரு தேவாலயம் கட்டினார். அதைக் கத்தோலிக்கர்களே காப்பாற்றி 1888இல் நூதனசாலையாகத் திறந்தார்கள். தேவாலயம் பண்பாட்டு இடமாக மாறுவது புதுமையில்லை, தொழுதவர்களே கையில் எடுத்துச் செய்த மாற்றமும் உண்டு என்பதற்கு இது ஒரு உதாரணம்.

பரடிசோவின் கதை வேறு. ஒல்லாந்துச் சீர்திருத்தத் திருச்சபையிலிருந்து பிரிந்துபோன ஒரு தாராளவாதக் குழு, தங்களுக்கு சுதந்திர சபை என்று பெயர் வைத்துக்கொண்டு, 1879-80இல் அந்தக் கட்டிடத்தைக் கட்டியது. உயர்ந்த மண்டபம், சுற்றிவர ரெண்டு அடுக்கு மாடம், முன்னால் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். 1965இல் அந்தச் சபையினர் கட்டிடத்தை விட்டு வேறிடத்துக்குப் போனார்கள். யாரும் துரத்தவில்லை.

காலியான கட்டிடத்துக்குள் 1967இல் நீள முடி வைத்த இளைஞர்கள் நுழைந்தார்கள். தங்களுக்குக் கூட ஒரு இடம் வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. பொலிஸ் வந்து வெளியே அனுப்பியது. ஆனால் மாநகர சபை அதோடு விடவில்லை, கோரிக்கையை யோசித்துப் பார்த்தது. 1968 மார்ச் 30ஆம் திகதி அதே கட்டிடம் நகர சபையின் பண உதவியோடு இளைஞர் நிலையமாகத் திறந்தது. முதல் வருஷங்களில் அங்கே கஞ்சாப் புகை தாராளம். அதை மறைக்கத் தேவையில்லை, நாங்க அதை இங்கே கொண்டுவரச் சொல்லவும் இல்லை. பிறகு அது உலகப் பெயர் பெற்ற இசை அரங்காகியது. 1995இல் ரோலிங் ஸ்டோன்ஸ் அங்கே வாசித்தார்கள். இசை மட்டும் இல்லை, விரிவுரை, விவாதம், படம் எல்லாம் நடக்கும். கண்ணாடி ஜன்னல்கள் இப்போதும் மேடைக்குப் பின்னால் இருக்கின்றன. அது தேவாலயமாக இருந்ததை யாரும் மறைக்கவில்லை.

எங்கட பார்வையில், பரடிசோவில் நடந்த நல்ல காரியம் மூன்று. தொழுதவர்கள் தாங்களாகவே விட்டுப்போனார்கள். ஊர் இளைஞர்கள் கேட்டார்கள். ஊர் நிர்வாகம், கொஞ்சம் முறைத்துவிட்டு, காது கொடுத்தது.

எல்லாம் அப்படி முடியவில்லை

மாஸ்ட்ரிக்ட் நகரத்தில் 13ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று 2006இலிருந்து புத்தகக் கடையாக இருக்கிறது. இணையத்தில் "உலகத்தின் அழகான புத்தகக் கடை" என்று சுற்றுகிற படம் அதுதான். ஆனால் அங்கேயிருந்த தொமினிக்கன் துறவிகள் விரும்பிக் கொடுக்கவில்லை. 1790களில் பிரெஞ்சுப் படை வந்து பிடித்து அவர்களை வெளியேற்றியது. குதிரை கட்டினார்கள், பிற்காலத்தில் சைக்கிள் நிறுத்தினார்கள். புத்தகக் கடை வந்தது இருநூறு வருஷத்துக்குப் பிறகு. அழகான முடிவு, ஆனால் தொடக்கம் மகுல் மடுவ மாதிரியேதான்.

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் சிலுவை வடிவத்தில் கட்டிய தேவாலயத்துக்கு ரெண்டாவது வாழ்க்கை கிடைக்கவேயில்லை. போரில் இடிந்து கற்குவியலானது. மாற்றப்படுவதை விட மோசமான கதியும் கட்டிடத்துக்கு உண்டு.

இந்த இடத்தில் எங்கட சமூகத்தைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. 1236இல் கொர்டோபாவின் பெரிய பள்ளிவாசல் பேராலயமாக மாற்றப்பட்டதைச் சொல்லி எங்கட மேடைகளில் அழுதிருக்கிறார்கள். நியாயமான அழுகைதான். 537இல் தேவாலயமாகக் கட்டிய ஆயா சோபியா, 1453இல் பள்ளிவாசலாகி, 1934இல் நூதனசாலையாக அறிவிக்கப்பட்டு, 2020 ஜூலையில் மீண்டும் பள்ளிவாசலானபோது எங்கட ஊரிலும் வாழ்த்துச் செய்திகள் பறந்தன. இரண்டிலும் நடந்தது ஒன்றுதானே? வென்றவர் கையில் கட்டிடம். கொர்டோபாவுக்கு ஒரு நியாயம், இஸ்தான்புல்லுக்கு இன்னொரு நியாயம் என்றால், மகுல் மடுவயில் ஆராதனை நடத்திய வெள்ளைக்காரனை நாங்க எந்த வாயால் குறை சொல்வது?

"அந்தக் காலம் அப்படி" என்ற பதில் வரும். 1453க்கும் 1815க்கும் அந்தப் பதில் பொருந்தலாம். 2020க்குப் பொருந்தாது. கேட்கக்கூடிய காலத்தில் இருக்கிறோம்.

பள்ளிவாசல் என்றால் விஷயம் வேறா?

"தேவாலயத்தை விற்கலாம், பள்ளியை விற்க முடியாது" என்று எங்கட வாக்குவாதத்தில் ஒருத்தர் சொன்னார். அதில் உண்மை இருக்கிறது. நம் நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில், ஒரு இடத்தைப் பள்ளிவாசலாக வக்ஃப் செய்துவிட்டால் அது பள்ளிதான். கட்டிடம் இடிந்து விழுந்தாலும், தொழ ஆளில்லாமல் போனாலும் அந்த நிலத்தை விற்க முடியாது. ஹன்பலி மத்ஹபில் பயனற்றுப்போன வக்ஃபை மாற்றி, அந்தப் பணத்தில் வேறிடத்தில் பள்ளி கட்ட இடமுண்டு. இலங்கையில் இந்த விஷயங்களைக் கவனிக்கவே 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

கத்தோலிக்கரும் நினைத்தபாட்டுக்கு மாற்றுவதில்லை. 1983இல் வந்த அவர்களுடைய திருச்சபைச் சட்டத்தில் 1222ஆம் விதி, ஒரு தேவாலயத்தை வழிபாட்டுக்கு இனிப் பயன்படுத்த முடியாதென்றால், பேராயர் அதை வேறு பயன்பாட்டுக்கு விடலாம், ஆனால் அந்தப் பயன்பாடு கேவலமானதாக இருக்கக் கூடாது என்கிறது. புரட்டஸ்தாந்துக்காரர் பலருக்குத் திருச்சபை என்பது கூடுகிற மனிதர்கள். கட்டிடம் அவர்களுக்குக் குடை மாதிரி.

ஆகவே "அவங்களுக்கு மரியாதை இல்லை, எங்களுக்கு இருக்கிறது" என்று பிரிக்க முடியாது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. லண்டனில் பிரிக் லேன் பள்ளிவாசலைப் பாருங்க. 1743இல் பிரான்சிலிருந்து தப்பி வந்த புரட்டஸ்தாந்து அகதிகள் கட்டிய தேவாலயம் அது. 19ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்தரிடம் வந்தது. 1898இல் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களின் தொழுகையிடமானது. 1976இலிருந்து வங்காளி முஸ்லிம்களின் பள்ளிவாசல். ஒவ்வொரு தடவையும் பழைய ஆட்கள் வேறு பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள், அடுத்து வந்த ஏழை அகதிகள் எடுத்துக்கொண்டார்கள். 1743 என்று எழுதிய சூரியக் கடிகாரம் சுவரில் அப்படியே இருக்கிறது. எந்தச் சமூகமும் அதைக் கொத்தி எறியவில்லை.

பண்பாட்டு நிகழ்வும் வழிபாட்டிடமும் ஒன்றுக்கொன்று விரோதி என்பதும் சரியில்லை. பெருநாள் தினத்தில் மஸ்ஜிதுன் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டுக் காட்டியதையும், ஆயிஷா நாயகி பார்த்துக்கொண்டிருந்ததையும் ஹதீஸ் கிரந்தங்களில் படித்திருக்கிறோம்.

அக்குறணைக்கு இதில் என்ன?

எங்கட ஊரில் மாற்றுவதற்குக் கைவிட்ட தேவாலயம் இல்லை. பள்ளியை மாற்றச் சொல்லி நாங்க கேட்கவும் இல்லை. ஆனால் கூட ஒரு இடம் வேண்டும் என்ற 1967 ஆம்ஸ்டர்டாம் இளைஞர்களின் கோரிக்கை எங்களுக்கு நன்றாகப் புரிகிறது. ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச, ஒரு படம் போட்டுப் பார்க்க, ஒரு படக் கண்காட்சி வைக்க இந்த ஊரில் எங்கே போவது? கல்யாண மண்டபத்துக்கு வாடகை கட்ட முடியாது. டியூஷன் வகுப்பு முடிந்த பிறகு கிடைக்கும் அறை, இல்லாட்டி ஒரு நண்பரின் கடை மேல்மாடி. பெண் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

அதே நேரம், பழைய கட்டிடங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. ஓடு போட்ட பழைய வீடுகள், மரப்பலகைக் கதவு வைத்த கடைகள். ஒரு பக்கம் மாத்தளை வீதி, மறுபக்கம் மழைக்குப் பெருகும் பிங்கா ஓயா, நடுவில் துண்டுக் காணி; ஆகவே இடித்து மேலே மேலே கட்டுகிறோம். இடிப்பவர்களை நாங்க குறை சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு வீடு வேண்டும், கடைக்கு இடம் வேண்டும். ஆனால் ஜேசிபி வந்து நின்ற பிறகுதான் அது பழைய கட்டிடம் என்ற ஞாபகமே ஊருக்கு வருகிறது.

கண்டியிலும் இந்தக் கேள்வி முடிந்த பாடில்லை. 1876இலிருந்து இயங்கிய போகம்பறைச் சிறைச்சாலை 2014இல் மூடப்பட்டது. அங்கே தூக்குமேடை இருந்தது, பல நூறு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அதை என்ன செய்வது என்று பல திட்டங்கள் பேசப்பட்டன. கடைத்தொகுதியா, பண்பாட்டு நிலையமா, சுற்றுலா இடமா? அந்தச் சுவருக்குள் பிள்ளையை இழந்த குடும்பங்களையும் அந்தப் பேச்சுக்குக் கூப்பிட வேண்டும் என்று நாங்க நினைக்கிறோம்.

மகுல் மடுவயிலிருந்து நாங்க எடுத்துக்கொண்டது மூன்று கேள்விகள். கட்டிடத்தை இதுவரை பாவித்தவர்கள் சம்மதித்தார்களா? புதிதாகப் பாவிக்கப்போகிறவர்கள் உண்மையில் தேவையுள்ளவர்களா? முந்திய வாழ்க்கையை மறைக்காமல் சொல்கிற ஒரு அடையாளமாவது அங்கே மிஞ்சுமா? பரடிசோ மூன்றுக்கும் ஆம் என்கிறது. 1815க்குப் பிந்திய மகுல் மடுவ முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுகிறது. மூன்றாவது கேள்வியில் இன்றைய மகுல் மடுவயும் திணறுகிறது. ராஜாவையும் ஒப்பந்தத்தையும் சொல்வோம். ஹீபர் நின்று பிரசங்கித்ததையும் நீதிபதி உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னதையும் இளவரசருக்காகத் தூண் கூட்டியதையும் நாங்க சொல்வதில்லை.

அதனால் ஒரு சின்ன வேலையைத் தொடங்கியிருக்கிறோம். ஊரில் ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட கட்டிடங்களைப் பட்டியல் போடுகிறோம். வீடோ, கடையோ, ஓதற பள்ளியோ, பழைய தேயிலை ஸ்டோரோ எதுவும் பரவாயில்லை. யார் கட்டியது, முந்தி என்ன நடந்தது, இப்போது யார் கையில் என்று வீட்டுக்காரரின் அனுமதியோடு எழுதிவைக்கிறோம், படம் எடுக்கிறோம். அதில் சும்மா பூட்டிக்கிடக்கும் ஒன்றிரண்டின் சொந்தக்காரர்களிடம், பின்னேரங்களில் ரெண்டு மணித்தியாலம் பிள்ளைகள் வந்து வாசிக்க விடுவீங்களா என்று கேட்கப்போகிறோம். மாட்டோம் என்றால் சலாம் சொல்லிவிட்டு வருவோம்.

உங்கட வீட்டில் வயசான வாப்பும்மா, மூத்தாப்பா இருந்தால் இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க: "இந்த இடத்தில் முந்தி என்ன இருந்தது?" அவங்க சொல்வதை எழுதி எங்களுக்கு அனுப்புங்க. பட்டியலில் சேர்க்கிறோம்.